கல்மேட்டுக்கு ஒரு நாய்

பழத்தோட்டக்காரர் கழுத்தில் ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோது, பட்டாணி மூட்டையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூட்டை என்பது நாய். பட்டாணி என்பது பதினொரு வயதுப் பெண். ஓரிடத்தில் உட்கார வைத்தால் அடுத்த நிமிடம் உருண்டு வேறோர் இடத்துக்குப் போய்விடுவாள் என்று வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள்.

பட்டாணியின் அம்மா ஓட்ட நாய்களை வளர்த்துப் பழக்குபவர். முயல் தொல்லை தாங்காத தோட்டக்காரர்கள் எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி வருவார்கள். ஓடப் பழக்குவதும், கூப்பிட்டால் வரப் பழக்குவதும் அம்மாவின் வேலை. காது துடைப்பது, நகம் வெட்டுவது, முள் எடுப்பது எல்லாம் பட்டாணியின் வேலை. முள் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எவ்வளவு கோபக்கார நாயும் அவளிடம் மட்டும் சமர்த்தாகக் காலை நீட்டும்.

பழத்தோட்டக்காரரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டாணி பள்ளிக்குப் போகும் வழியில்தான் அவருடைய தோட்டம். நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் செய்தாலும் நேரம் பார்த்துத்தான் செய்வார். தேநீர் ஆற எத்தனை நிமிடம் ஆகிறது என்றுகூடக் குறித்து வைத்திருப்பதாகச் சொல்வார்கள்.

அவர் தன் கதையைச் சொன்னார். போன வருடம் முந்நூறு பழமரக் கன்றுகள் நட்டிருந்தார். முயல்கள் வந்து கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடுகின்றன. சுற்றிலும் பட்டை போனால் கன்று பிழைக்காது. இதுவரை அறுபது கன்றுகள் போய்விட்டன. கம்பி வலை போட்டார். முயல்கள் அடியில் தோண்டிக்கொண்டு வந்தன. பழைய டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் டப்பாவுக்கு அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டன.

"அதனால எனக்கு ஒரே ஒரு நாய் போதும்," என்றார் அவர். "ஆனா இருக்கிறதிலேயே வேகமான நாயா இருக்கணும்."

பட்டாணியின் கை மூட்டையின் காதிலேயே நின்றுவிட்டது. இருப்பதிலேயே வேகமான நாய் அம்பு. அம்பு அவளுடைய செல்லம்.

அம்புவைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். ஆனால் அது இப்போது வளர்ந்து, பழகி, வேலைக்குத் தயாராகிவிட்டது. கூடத்தின் மூலையில் தாய்நாய் ஒன்று குட்டி போடும் நிலையில் படுத்திருந்தது. குட்டிகள் வந்துவிட்டால் வீட்டில் இடம் இருக்காது. இந்த மாதத்துக்குள் அம்பு யார் வீட்டுக்காவது போயாக வேண்டும். ஆற்றங்கரையில் உருளைக்கிழங்கு பயிரிடும் அக்கா ஒருவரும் அம்புவைக் கேட்டிருந்தார். அந்த இடம் பேருந்தில் இரண்டு மணி நேரத் தூரம். பழத்தோட்டமோ நடந்தால் கால் மணி நேரம்.

அம்பு பழத்தோட்டத்துக்குப் போனால் தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்க்கலாம். பட்டாணி மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பழைய சைக்கிள் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்தில் நீளமான கயிற்றைக் கட்டியிருந்தார் அம்மா. கயிற்றின் மறுமுனையில் ஒரு துணி முயல். பட்டாணி பெடலைக் கையால் சுற்றினால் கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், துணி முயல் புல்லில் துள்ளித் துள்ளி ஓடிவரும்.

முதலில் மூட்டை. அது பாதி தூரம் ஓடி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டது.

அடுத்தது துடைப்பம். நடுத்தர உயரம், விறைப்பான முடி, எந்தப் பக்கம் வாரினாலும் எதிர்ப்பக்கம் நிற்கும். அது துணி முயலைப் பத்தடி துரத்தியது. பிறகு துணி முயல் எங்கே போய் நிற்கும் என்று யோசித்ததுபோல, குறுக்கே நடந்து வந்து சைக்கிள் பக்கத்தில் காத்திருந்தது. இது ஏமாற்று வேலை என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார்.

பிறகு அம்பு ஓடியது. நெடிய கால்கள் புல்லைத் தொட்டனவா என்றே தெரியவில்லை. தோட்டக்காரர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், காதருகே வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார், மறுபடி பார்த்தார்.

"இதுதான்," என்றார். "இதேதான்."

பட்டாணி அம்புவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. நாய் வேலை செய்யப்போகும் தரையைப் பார்க்காமல் எந்த நாயையும் அவர் அனுப்பமாட்டார். தாய்நாயை விட்டு அன்று அவர் நகர முடியாது. அதனால் பட்டாணியைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பாரு. நீ என்ன சொல்றியோ அதுதான். ஆனா வீட்டைப் பார்த்து மயங்கிடாதே. தரையைப் பாரு."

"சரிம்மா," என்றாள் பட்டாணி. இவ்வளவு பெரிய பொறுப்பை அம்மா அவளுக்கு இதற்கு முன் கொடுத்ததில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

தனியாகப் போனால் அம்பு ஊளையிட்டு ஊரைக் கூட்டிவிடும். துடைப்பமும் கூட வந்தால் பேசாமல் வரும். எனவே இரண்டையும் பிடித்துக்கொண்டு தோட்டக்காரருடன் கிளம்பினாள்.

தோட்டத்தில் முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு நாய்வீடு. சரிவான கூரை, நீல வண்ணம், உள்ளே மெத்தை. வாசலில் பெயர் எழுத ஒரு பலகைகூட இருந்தது. தோட்டக்காரர் ஒரு வாரமாகச் செய்ததாம். பட்டாணிக்கு அதற்குள் தானே குடிபோய்விடலாம் போல இருந்தது.

தரையைப் பாரு என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. முயல்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டாள். மேலேயிருந்துதான் என்று சொல்லி, கன்று வரிசைகளுக்கு நடுவே அவர் அவளை அழைத்துப் போனார்.

கன்றுகள் நட்ட இடம் வரை நல்ல புல்தரை. அதற்கு அப்பால் கல்மேடு தொடங்கியது. முன்பு எப்போதோ அங்கே கல் உடைத்தார்களாம். உடைத்ததில் வேண்டாத கல்லையெல்லாம் சரிவு முழுக்கக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தலையணை அளவுக் கற்கள், பெட்டி அளவுக் கற்கள், அவற்றுக்கு இடையே இடுக்குகள், இடுக்குகளில் முட்புதர்கள். முயல்களுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

பட்டாணி நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் கல் புரண்டது. உட்கார்ந்து ஓர் இடுக்குக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. கையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அவள் கையும் அம்புவின் முன்னங்காலும் ஏறக்குறைய ஒரே பருமன்.

கையை மெதுவாக வெளியே எடுத்தாள். அம்பு பார்த்து ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அவளாலேயே அதை நம்ப முடியவில்லை. ஓடத் தொடங்கினால் அம்புவுக்கு முயலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஒருமுறை துணிக்கொடிக்குள் புகுந்து ஓடி, அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த நாய் அது. அன்று நடுவில் இருந்தது துணி. இங்கே இருப்பது கல்.

அந்த நேரம் ஒரு முயல் கன்று வரிசையில் எட்டிப் பார்த்தது. தோட்டக்காரர் கோபமாகக் கையைத் தட்டினார். முயல் ஓடியது. பட்டாணி எண்ணினாள். பதினாறு தப்படி. அதற்குள் கல்லுக்கு அடியில் மறைந்துவிட்டது.

தோட்டக்காரர் அம்புவை அவிழ்த்துவிடச் சொன்னார். பட்டாணி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"மாமா, அம்பு இங்க வேணாம்."

பிரிய மனம் வராமல் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"தினமும் வந்து பார்த்துக்கோ பாப்பா. நான் என்ன கதவையா சாத்தப் போறேன்?"

இதைக் கேட்கத்தானே அவள் வந்தாள். ஆனாலும் விடாமல், கல் இடுக்கையும் காலின் பருமனையும் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாய்க்கு நான்கு கால், அது சமாளித்துக்கொள்ளும் என்றார். இரண்டு கால் மட்டுமே உள்ள தன்னாலேயே இந்த மேட்டில் ஓட முடியும் என்றார். பள்ளியில் படித்தபோது நூறு மீட்டரில் அவர்தான் முதலாம்.

"அப்போ ஓடிக் காட்டுறீங்களா மாமா?" என்று பட்டாணி பணிவாகவே கேட்டாள். "நான் நேரம் பார்க்கிறேன்."

அவர் மகிழ்ச்சியோடு ஸ்டாப்வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கன்று வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். உண்மையிலேயே நல்ல ஓட்டம். புல்தரையை ஒன்பது விநாடியில் கடந்துவிட்டார்.

கல்மேட்டில் கால் வைத்ததும் வேகம் பாதியானது. முதலில் தொப்பி போனது. பிறகு ஒரு செருப்பு. பாதி தூரத்தில் அவர் நான்கு காலில் போய்க்கொண்டிருந்தார். முடிவில் ஒரு முட்புதரைப் பிடித்து நின்றார். பிடித்த பிறகுதான் அது முட்புதர் என்று அவருக்குத் தெரிந்தது.

"எவ்வளவு?" என்று மேலிருந்து கேட்டார்.

"கீழே ஒன்பது விநாடி மாமா. மேலே ஒரு நிமிஷம் நாற்பது."

அது செருப்பின் தவறு என்றார் அவர்.

பட்டாணி நாய்களைக் கீழே கட்டிவிட்டு ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து முள்வாங்கியை எடுத்து, அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று முட்கள். நாய்களைப் போலவே அவரும் சமர்த்தாகக் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் அம்பு இங்க வர்றதுதான் பிடிக்கும் மாமா. வேற எடம்னா ரெண்டு மணி நேரம் பஸ்ல போகணும். எப்பவாவதுதான் பார்க்க முடியும். இங்கன்னா தினமும் பார்ப்பேன். இருந்தும் வேணாம்னு சொல்றேன்."

இரண்டாவது முள் வந்தது. மூன்றாவதும் வந்தது. தோட்டக்காரர் கீழே நின்ற அம்புவைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார்.

"அப்போ நான் முயல்கிட்ட தோத்துப் போகணுமா?" என்றார் மெல்லிய குரலில்.

"வேணாம். துடைப்பம் இருக்கே."

"இதுவா? இது குறுக்கு வழியில போற நாயாச்சே."

"முயலும் குறுக்கு வழியிலதானே மாமா போகுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாணி துடைப்பத்தை மேலே கூட்டிவந்து அதன் பாதத்தை விரித்துக் காட்டினாள். விரல்கள் மூடிய கைபோல நெருக்கமாக இருந்தன, அடிப்பாதம் தடித்திருந்தது. அம்புவின் விரல்கள் நீளமானவை, கல்லில் மாட்டிக்கொள்ளும். துடைப்பத்தின் விறைப்பான முடிக்குள் முள் நுழைந்தாலும் தோலைத் தொடாது. முயல் ஓடுவதே பதினாறு தப்படிதான். அம்பு முழு வேகம் பிடிப்பதற்குள் முயல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடும். இங்கே வேண்டியது சட்டென்று திரும்பத் தெரிந்த நாய், கால் வைக்கும் இடத்தைப் பார்க்கும் நாய்.

"இது பிடிச்சுடும்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"பிடிக்கும்னுதான் நினைக்கிறேன். பார்த்துடலாம்."

அம்புவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கம்பத்தில் மாற்றிக் கட்டினார்கள். தன்னை விட்டுவிட்டுத் துடைப்பத்தைக் கூட்டிப் போவதா என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து மணி வெயில் சாய்ந்ததும் முயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பட்டாணி துடைப்பத்தின் கயிற்றை அவிழ்த்தாள். தோட்டக்காரர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

துடைப்பம் ஓடவில்லை. அது நின்று மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தது. பிறகு முயலுக்கு எதிர்த்திசையில் நடந்து போய்ப் பாறைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. அது வீட்டுக்குப் போய்விட்டது என்று தோட்டக்காரர் கிசுகிசுத்தார். பட்டாணிக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது மேலே, முயல் வளையை ஒட்டிய புதருக்குப் பக்கத்தில், விறைப்பான முடி கொஞ்சம் தெரிந்தது.

பட்டாணி கையைத் தட்டினாள்.

முயல் நேராக வளையை நோக்கிப் பாய்ந்தது. வளையின் வாசலில் துடைப்பம் நின்றது. முயல் இடதுபுறம் திரும்பியது. துடைப்பமும் திரும்பியது. அது கண்மண் தெரியாமல் ஓடவில்லை. ஒவ்வொரு கல்லிலும் காலை வைத்துப் பார்த்து, அடுத்த கல்லுக்குத் தாவியது. இடுக்கு வந்தால் தாண்டியது. முயல் வலதுபுறம் திரும்பி, மறுபடியும் இடதுபுறம் திரும்பியது. மூன்றாவது திருப்பத்தில் துடைப்பம் அதற்கு முன்பே அங்கே இருந்தது.

முயலை வாயில் கவ்விக்கொண்டு, வந்த வழியிலேயே நிதானமாக இறங்கி வந்தது.

பட்டாணி முதலில் அதன் நான்கு பாதங்களையும் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகுதான் தட்டிக்கொடுத்தாள்.

"எவ்வளவு நேரம் மாமா?"

தோட்டக்காரர் கையைப் பார்த்தார். ஸ்டாப்வாட்சை நிறுத்தவே அவர் மறந்திருந்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று பட்டாணி கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன. அம்மா களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். தரை எப்படி என்று மட்டும் கேட்டார். பட்டாணி எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டக்காரர் ஓடியதைச் சொன்னபோது அம்மா குட்டிகள் எழுந்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு பட்டாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ கிழங்குக்கார அக்காவுக்குச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

"சொல்லிடுங்கம்மா."

சொல்லிவிட்டு அவள் போய் அம்புவின் காதுகளைத் துடைத்தாள். அவை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தன. இருந்தாலும் வெகு நேரம் துடைத்தாள்.

துடைப்பம் மறுநாளே பழத்தோட்டத்துக்குக் குடிபோனது. நீல நாய்வீட்டின் மெத்தையில் அது ஒருநாள்கூடப் படுக்கவில்லை. கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு கல்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் கன்றுகளில் புதிய கடி எதுவும் இல்லை. பாதத்தைப் பார்த்துத்தான் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேகத்தைப் பார்ப்பவன் விவரம் தெரியாதவன் என்று தோட்டக்காரர் பக்கத்துத் தோட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டாணி அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பள்ளிக்குப் போனாள்.

மாதக் கடைசியில் கிழங்குக்கார அக்கா தன் சிறிய லாரியில் வந்தார். பட்டாணியும் அம்மாவும் அம்புவோடு ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் அம்பு பட்டாணியின் மடியில் தலையை வைத்திருந்தது.

அங்கே போய் இறங்கியதும் பட்டாணி முதலில் தரையைத்தான் பார்த்தாள். ஒரு கல் இல்லை. மென்மையான மண், கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாகக் கிடந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். விரல்களுக்கு இடையே வழிந்துபோனது.

தூரத்தில் ஒரு முயல் எழுந்து உட்கார்ந்தது. பட்டாணி கயிற்றை அவிழ்த்தாள்.

அம்பு ஓடியது. வீட்டுப் புல்வெளியில் அது வேகம் பிடிப்பதற்குள் வேலி வந்துவிடும். இங்கே வேலியே இல்லை. அது நீண்டு, தரையோடு தாழ்ந்து, இன்னும் இன்னும் வேகமானது. அம்புவால் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அதை வளர்த்த பட்டாணிக்கே அன்றுதான் தெரிந்தது. முயல் வயலின் எல்லையைத் தாண்டிப் போயே விட்டது.

"கூப்பிட்டா வருமா?" என்று அக்கா கொஞ்சம் கவலையோடு கேட்டார்.

பட்டாணி எப்படி விசில் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அக்கா அடித்தார். அம்பு உடனே திரும்பி ஓடிவந்தது. வந்து நேராகப் பட்டாணியின் மேல் தாவியது.

மறுபடியும் அனுப்பினார்கள். மறுபடியும் பட்டாணியிடமே வந்தது. அக்காவின் முகம் வாடியது.

பட்டாணி சற்று நேரம் யோசித்தாள். அக்காவின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். அம்பு வயலில் தூரமாகப் போயிருந்த நேரம் பார்த்து, கொட்டகை ஓரம் அடுக்கியிருந்த கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா விசில் அடித்தார்.

மூட்டைகளின் இடைவெளி வழியே பட்டாணி பார்த்தாள். அம்பு ஓடிவந்து நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அக்கா இன்னொரு முறை மெதுவாக விசில் அடித்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். அம்பு ஓர் எட்டு வைத்தது. இன்னோர் எட்டு. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே போய், அக்காவின் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்தது.

மூட்டைகளுக்குப் பின்னால் பட்டாணி இரண்டு கைகளையும் தட்டினாள், கொஞ்சமும் சத்தம் வராமல்.